ரீஸ்லிங்கும் கிடாரங்காயும்

போன மே மாதம் ராஜபாளையத்தில் ஒரு மாந்தோப்பில் உட்கார்ந்து ஜெர்மன் ஒயின் குடித்தேன். 'குடித்தேன்' என்று எழுதினால் மருமகன் கோபித்துக்கொள்வான். 'டேஸ்ட்' பண்ணினேன். இரண்டும் வேறு வேறாம்.

மருமகன் என்றால் அக்கா மகன். ஸ்டுட்கார்ட்டில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் சாக்லேட் கொண்டுவருகிறவன், இந்த முறை ஒரு பாட்டில் கொண்டுவந்தான். ஒல்லியாக, உயரமாக, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாத பச்சைப் பாட்டில். ரீஸ்லிங். மோசல் ஆற்றங்கரைச் சரக்கு. விலை 12 யூரோ. ஐஸ் பெட்டியில் வைத்து, அய்யனார் அருவிக்குப் போகிற வழியில் இருக்கும் நண்பரின் தோப்புக்கு எடுத்துப் போனோம். கண்ணாடிக் கோப்பைகளைத் துண்டில் சுற்றி அவனே சுமந்து வந்தான். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் பாவமாம்.

முதலில் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்த்தான். அப்புறம் சுற்றினான். அப்புறம் மூக்கை உள்ளே விட்டான். நான் வாய் வைக்கப் போனால், "மாமா, அவசரப்படாதீங்க, முதல்ல மூக்கு" என்று தடுத்தான். பிறகு ஒரு வாய் எடுத்து, கொப்பளிக்கிற மாதிரி வாய்க்குள் உருட்டி, மேலே வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "லைம். கிரேப் ஃப்ரூட். பச்சை ஆப்பிள். ஈரக் கல். முடிவுல லேசா பெட்ரோல்."

பெட்ரோலா!

அவன் விளையாடவில்லை. ரீஸ்லிங்கில் நிஜமாகவே அப்படி ஒரு வாசனை உண்டு. வெயில் அதிகம் பட்ட திராட்சையிலும், பாட்டிலுக்குள் வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்த ஒயினிலும் டி.டி.என். என்று ஒரு சேர்மம் உண்டாகிறது. அதன் வேலைதான் அது. ரசிகர்கள் அதற்காகவே காசு கொடுக்கிறார்கள். இந்தத் திராட்சைக்கு ஜெர்மனியில் 1435-லேயே கணக்குப் புத்தகத்தில் பதிவு இருக்கிறது. யாரோ ஒரு பிரபுவின் தோட்டத்துக்குக் கொடி வாங்கின செலவு. அறுநூறு வருஷமாக ஒரே பழத்தை முகர்ந்து முகர்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு என் முழு மரியாதை.

பாட்டிலில் 'ட்ரோக்கன்' என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தில் 'டிரை'. இதை நம் ஆட்கள் சிலர் 'வறண்ட ஒயின்' என்று மொழிபெயர்க்கிறார்கள். வறள்வதற்கு ஒயின் என்ன விருதுநகர் மாவட்டத்துக் கண்மாயா? திராட்சையின் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்கச் சாராயமாக மாறிவிட்டது, இனிப்பு மிச்சமில்லை, அவ்வளவுதான். ஜெர்மன் சட்டப்படி லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அந்த வார்த்தையைப் போட முடியாது. நம் குழந்தைகள் குடிக்கிற கோலாவில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல்.

தோப்பில் காவலுக்கு ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர். வத்திராயிருப்புப் பக்கத்து ஆள். ஒரு காலத்தில் பனை ஏறியவர். நெஞ்சிலும் முன்கையிலும் காய்ப்புக் காய்த்த தழும்பு இன்னும் இருக்கிறது. நாங்கள் செய்த கூத்தையெல்லாம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் நல்ல பையன். ஒரு கோப்பையில் அவருக்கும் ஊற்றிக் கொடுத்தான்.

பெரியவர் யாரும் சொல்லிக் கொடுக்காமலே முதலில் முகர்ந்தார். ஒரு மடக்குக் குடித்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டினார்.

"எலுமிச்சை இல்ல தம்பி இது. கிடாரங்காய். தோலோட சேத்துப் பிழிஞ்சா ஒரு கசப்பு வரும்லா, அது கடைசியில நிக்குது." இன்னொரு மடக்கு. முகம் சுளித்தார். "என்ன, சீமெண்ணெ வாடெ அடிக்கி? கேன்ல கொண்டாந்தியளோ?"

மருமகன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

ஸ்டுட்கார்ட்டில் வார இறுதி வகுப்புக்குக் காசு கட்டி, வாசனைச் சக்கரம் வைத்து அவன் கற்றுக்கொண்டதைப் பெரியவர் இரண்டு மடக்கில் சொல்லிவிட்டார். (வாசனைச் சக்கரம் என்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியை 1980-களில் போட்டுக் கொடுத்த வட்டப் படம். பழம், பூ, மண், ரசாயனம் என்று ஒயின் வாசனைகளை வகை பிரித்திருக்கும்.) அதிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். அவன் 'சிட்ரஸ்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னதற்குப் பெரியவரிடம் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. எலுமிச்சை, நாரத்தை, கிடாரங்காய், கொழிஞ்சி, சாத்துக்குடி, பம்ப்ளிமாஸ். ஒவ்வொன்றின் புளிப்பும் வேறு, தோலின் கசப்பு வேறு, ஊறுகாய் போட்டால் கரைகிற கணக்கு வேறு. நம் பாட்டிமார்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாக்குக்கு இவ்வளவு பாஷை தெரிந்த இந்த மனிதர் தினமும் என்ன குடிக்கிறார்? கேட்டேன். சிரித்தார். "கவர்மென்டு சரக்குதான். குவாட்டர். அதுல என்ன ருசி தம்பி? மூக்கைப் பிடிச்சிக்கிட்டு ஊத்திக்கிட வேண்டியதுதான்."

இதுதான் என் வழக்கு. மூக்கால் ஆரம்பிக்க வேண்டிய ஒன்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற மாநிலமாக ஆக்கி வைத்திருக்கிறோம். தானாக ஆகவில்லை. சட்டம் போட்டு, திட்டம் போட்டு ஆக்கியது.

வரலாற்றைக் கொஞ்சம் வேகமாகப் பார்த்துவிடலாம். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கை ஆரம்பித்தார். 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. அடுத்த வருஷமே முதல்வரானவர் ராஜபாளையத்துக்காரரான குமாரசாமி ராஜா. சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்துவிட்ட காந்தியவாதி. அந்த வீடு இன்று காந்தி கலை மன்றமாக நிற்கிறது. அந்தத் தலைமுறை குடிக்கக் கூடாது என்று நம்பியது, எல்லாருக்கும் ஒரே மாதிரி தடுத்தது. உடன்படாதவர்கள்கூட அதன் நேர்மையைச் சந்தேகிக்க முடியாது. பிறகு 1971-ல் கருணாநிதி திறந்தார், 1974-ல் மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987-ல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது.

கடைசி இரண்டு வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். கள் போனது. குவாட்டர் அரசுடைமை ஆனது.

கள்ளில் ஆல்கஹால் நாலைந்து சதவீதம், நேரம் ஆக ஆகக் கொஞ்சம் ஏறும். நாங்கள் குடித்த ரீஸ்லிங் 12 சதவீதத்துக்குள். டாஸ்மாக்கில் விற்கிற பிராந்தியும் ரம்மும் 42.8 சதவீதம். அது பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து காய்ச்சிய ஸ்பிரிட். கருக்கிய சர்க்கரையில் நிறம், பாட்டிலில் வந்த எசென்ஸில் வாசனை. திராட்சைக்கும் அந்தப் பிராந்திக்கும் இருக்கும் சம்பந்தம், எனக்கும் இங்கிலாந்து ராணிக்கும் இருந்த சம்பந்தம்தான். இருப்பதிலேயே கடுமையானது எதுவோ அதை அரசாங்கம் விற்கிறது. இருப்பதிலேயே மெல்லியது எதுவோ அதை இறக்கினால் போலீஸ் பிடிக்கிறது. அதற்கு இன்றும் கைகொடுப்பது 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்!

'கள்ளில் கலப்படம் செய்வார்கள்' என்பது அரசுத் தரப்பின் பழைய வாதம். பொய் இல்லை. கள்ளுக்கடைக் காலத்தில் மயக்க மருந்து கலந்து விற்ற பாவிகள் இருந்தார்கள். கேரளத்திலும் அந்தத் தொல்லை உண்டு. ஆனால் பாலிலும்தான் கலக்கிறார்கள். அதற்காகப் பசுவைத் தடை செய்தோமா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு முந்தைய நிதியாண்டில் டாஸ்மாக் வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. தெருவுக்குத் தெரு கடை வைத்தும், ஏழை போய் விஷத்தில் வாய் வைக்கிறான் என்றால் கடை அவனைக் காப்பாற்றவில்லை என்றுதானே அர்த்தம்?

ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டை வழியாக மலையைக் கடந்தால் கேரளம். அங்கே கள்ளுக்கடை சட்டப்படி உண்டு. மரத்துக்கு வரி, கடைக்கு உரிமம், கப்பையும் மீன் குழம்பும் தொட்டுக்கொள்ள. தென்னை அந்தப் பக்கமும் அதே தென்னை, இந்தப் பக்கமும் அதே தென்னை. ஆரியங்காவு தாண்டினால் அது பானம், புளியரைக்கு இந்தப் பக்கம் குற்றம்.

பனை நம் மாநில மரம். மாநில மரத்தில் ஏறி, பாளையைச் சீவி, கலயம் கட்டலாம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், நீங்கள் கௌரவமான தொழிலாளி. தடவ மறந்தால் குற்றவாளி. மரத்துக்கு இது தெரியாது. அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கிறது.

பெரியவர் 1981-லிருந்து கடை மூடும்வரை சட்டப்படி கள் இறக்கியவர். அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் அவர் குரலே மாறிவிட்டது. ஆண்பனைக் கள் ஒரு மாதிரி, பெண்பனைக் கள் ஒரு மாதிரி. விடியலில் இறக்கியது இனிப்பு, உச்சிக்கு அப்புறம் புளிப்பு. மேகம் போட்ட நாளில் சப்பென்று இருக்கும். புதுக் கலயத்தில் மண்வாசம் வரும். "கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தாலும் எந்த விளைனு சொல்லிருவோம்ல."

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'டெர்வார்' என்று ஒரு வார்த்தை வைத்து, உலகம் முழுக்க வியாபாரம் செய்கிறார்கள். மண்ணும் வெயிலும் காற்றும் சேர்ந்து ஓர் இடத்தின் ருசி என்று அர்த்தம். பெரியவரின் வார்த்தை 'விளை'. அதை எங்கே போய் விற்பது?

கண்ணைக் கட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. 2001-ல் போர்தோவில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வார்த்தைகளையே அவர்கள் சரம்சரமாக எழுதிக் கொடுத்தார்கள். மூக்கை வைத்து அல்ல, கண்ணை வைத்து ருசி பார்த்திருக்கிறார்கள். ராஜபாளையம் நாயும் அப்படித்தான். மோப்பத்தில் அல்ல, பார்வையில் வேட்டையாடும் ஜாதி. ஆனால் அது தன்னை நிபுணர் என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஒயினைக் கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. நான் குடித்த ரீஸ்லிங் அருமையாக இருந்தது. ஆனால் அருமை என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி. சென்னையில் ஷாப்பிங் மால்களுக்குள் டாஸ்மாக்கின் 'எலைட்' கடைகள் இருக்கின்றன. ஏ.சி., பளபள விளக்கு, வெளிநாட்டு ஒயின் அடுக்கு. அங்கே போய் 'டிரை'யா 'ஸ்வீட்'டா என்று கேட்டு வாங்குகிறவர் ரசிகர். அதே டாஸ்மாக், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு சாலையோரத்தில், கம்பி வலைக்குப் பின்னால் ஓட்டை வழியாகப் பாட்டிலை நீட்டுகிறது. அங்கே 'எந்த பிராண்டு' என்று கேட்டாலே பின்னால் நிற்கிறவன் திட்டுவான். வந்ததை வாங்கி, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, வாட்டர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கலந்து, நின்ற வாக்கிலேயே ரெண்டே மடக்கு. அவன் குடிகாரன். காசு கொடுத்து ருசி பார்க்கிறவனுக்கு ஏ.சி., காசு கொடுத்து மறக்க வந்தவனுக்கு வலை. இரண்டுக்கும் பெயர்ப் பலகை ஒன்றே.

குடியை நியாயப்படுத்துகிறீர்களா என்று கடிதம் எழுதப் பேனாவை எடுக்கிறவர்களுக்கு: இல்லை. கள்ளுக்கடைக் காலமும் சொர்க்கமாக இருந்ததில்லை. கூலியை அங்கே தொலைத்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். அதனால்தான் பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். என் சொந்தத்திலேயே குவாட்டருக்குப் பலியானவர்கள் இரண்டு பேர். பூரண மதுவிலக்கு வேண்டும் என்று ஓர் அரசு மனசாரச் சொல்லி, எலைட் கடையையும் சேர்த்து மூடினால் நான் கைதட்டத் தயார். மருமகனும் சாக்லேட்டுக்குத் திரும்பிவிடுவான். ஆனால் விற்பது என்று முடிவு செய்துவிட்டு, விற்கத் தகுந்ததில் மோசமானதை மட்டும் ஏழைக்கு விற்பேன், அவன் ஊர் மரம் தருவதைத் தொட்டால் உள்ளே வைப்பேன் என்பதற்குப் பெயர் மதுவிலக்கு இல்லை. ஏகபோகம். செ.நல்லசாமி கள் இயக்கம் என்று சொல்லி எத்தனையோ வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறார். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் காது மட்டும் ஒரே காதாக இருக்கிறது. 2017-ல் தென்னையிலிருந்து நீரா இறக்க அனுமதி கொடுத்தார்கள், புளிக்காத வரைக்கும். கள் என்ற வார்த்தை மட்டும் ஆகாது.

இந்த மண்ணுக்கு இந்தக் கூச்சம் புதுசு. யவனர் கப்பலில் வந்த ஒயினைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் குடித்ததைப் புறநானூறு பாடுகிறது. அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது அந்த ஒயின் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இறக்குமதிச் சரக்கு ராஜாவுக்கு, உள்ளூர்ச் சரக்கு மற்றவர்களுக்கு என்ற பாகுபாடு அன்றும் இருந்திருக்கலாம். ஆனால் உள்ளூர்ச் சரக்குக்கு எத்தனை பெயர்! தேறல், நறவு, தோப்பி, மட்டு, பிழி. இன்று மிச்சம் இருப்பது மூன்று: குவாட்டர், ஆஃப், ஃபுல். மூன்றும் அளவு. ஒன்றுகூடச் சுவை இல்லை.

தோப்பிலிருந்து 12 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஒருத்தி இருந்தாள். ஆண்டாளைப் பற்றி இந்த வட்டாரத்தில் பேசும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் நடந்த ஒரு சொற்பொழிவு பட்ட பாடு தெரியும். நான் பக்தியோடுதான் சொல்கிறேன். நாச்சியார் திருமொழியில் அவள் பெருமாளின் கைச்சங்கைக் கூப்பிட்டு விசாரிக்கிறாள். அவன் வாய் எப்படி மணக்கும், கற்பூரம் போலா, தாமரை போலா? அப்புறம்தான், தித்திக்குமா என்கிறாள். வரிசையைப் பாருங்கள். முதலில் மூக்கு, பிறகு நாக்கு. மருமகனுக்கு ஸ்டுட்கார்ட்டில் சொல்லிக் கொடுத்த அதே வரிசை. ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் இந்த ஊர்ப் பெண்ணுக்கு வகுப்பு எடுக்க யாரும் தேவைப்படவில்லை. அவள் காலத்தில் நாற்றம் என்றாலே நறுமணம். இன்றைக்கு நாற்றம் என்றால் பாருக்குப் பின்னால் இருக்கும் சந்து.

வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கி வந்திருந்தோம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சாமான். விறகடுப்பில் பாலும் சர்க்கரையும் மட்டும் கிண்டி, மணல் மணலாக, லேசாகத் தீய்ந்த வாசனையோடு இருக்க வேண்டும். அதை ஒரு வாய் போட்டுக்கொண்டு ரீஸ்லிங்கைக் குடித்தால் ஒயின் செத்தது, வெறும் புளித்தண்ணீர். இனிப்புக்கு அப்புறம் டிரை ஒயின் எடுபடாது என்று மருமகனே ஒப்புக்கொண்டான். சாத்தூர்க் காராசேவு தூக்கி நிறுத்தியது. உறைப்பு, எண்ணெய், மேலே ஒரு மடக்குக் கிடாரங்காய்ப் புளிப்பு. சபாஷ். சப்பட்டை மாம்பழத்தோடும் குடித்துப் பார்க்கலாம் என்றான். பழத்தை வீணாக்காதே என்று தடுத்துவிட்டேன்.

பொழுது சாய்ந்தது. மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. 2023-ல் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை காய்க்கிற இடம். பாட்டிலில் கடைசியாகக் கொஞ்சம் இருந்தது. பெரியவரிடம் நீட்டினான் மருமகன். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது குளிருக்குள்ள ஊர்க்காரன் சமாச்சாரம். நம்ம வெயிலுக்கு நம்ம மரம்தான் தம்பி." அப்புறம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "காலியாயிருச்சுன்னா அதக் குடுத்துட்டுப் போங்க. நல்லெண்ண ஊத்தி வைக்க ஆகும். மூடி நல்லா இறுக்கமா இருக்கு."